பாட்டும் பொருளும்: நாதமுனிகளின் தேவகானமும் அரையர் சேவையின் தொடர்ச்சியும்

மார்கழியில் அத்யயன உத்ஸவம் நடைபெறும் நாள்களில் திருவரங்கத்து அர்ச்சுன மண்டபத்தில் நம்பெருமாள் ஆழ்வார் ஆசாரியர்கள் புடைசூழ எழுந்தருளியிருக்கிறார். கூம்பு வடிவான குல்லாயும் பெருமாள் சாற்றிக் களைந்த மாலையும் பரிவட்டமும் தரித்த அரையர், இரு கைகளிலும் தாளம் ஏந்தித் திருமுன்பே நிற்கிறார். பாசுரத்தை முதலில் இசையோடு விண்ணப்பஞ்செய்கிறார். பின்பு அதனை அபிநயத்தால் காட்டுகிறார். அதன் பின்பு தம்பிரான்படி என்று வழங்கும் வியாக்கியானத்தால் அதன் பொருளை எடுத்துரைக்கிறார். இயலும் இசையும் நாடகமும் உரையும் ஒருவர் திருமேனியிலேயே ஒன்றாகக் கூடும் இச்சேவைக்கு ஒப்பானது நம் திவ்யதேசங்களிலும் அரிது.

வைகுண்ட ஏகாதசியன்று பரமபதவாசல் வழியே எம்பெருமானோடு செல்லத் திரளும் கூட்டம் எண்ணற்றது. அந்த உத்ஸவம் எதற்காக ஏற்பட்டதோ அந்த அருளிச்செயல் அனுபவத்தில், அரையர் முன்பு அமர்ந்து தம்பிரான்படியைச் செவிமடுப்பவர் தொகையோ மிகச் சிறியது. திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, திருநாராயணபுரம் ஆகிய தலங்களில், விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்களின் கைங்கரியமாகவே இம்மரபு இன்று நிலைத்திருக்கிறது. ஒரு குடும்பத்தில் ஒரு தலைமுறை கற்காது போனால், பிறகு எந்த நூலைப் புரட்டியும் அதனை மீட்க இயலாது.

ஒரு சமூகத்தின் இசை எவ்வாறு தலைமுறை தாண்டி வாழ்கிறது, எவ்விடத்தில் அறுகிறது, அறுந்ததை எவ்வாறு இணைப்பது என்னும் வினாக்களைப் பயன்பாட்டு இன இசையியல் என்னும் அண்மைக் காலத்துத் துறை ஆராய்ந்துவருகிறது. இவ்வினாக்கள் நம் சம்பிரதாயத்திற்குப் புதியன அல்ல. நாதமுனிகளின் திருவவதாரத்தோடேயே இவை நம் முன் வந்தன. பூருவாசாரியர்கள் இதற்குச் செய்த விடையை வரலாற்று முறையில் ஆராய்ந்து, இற்றை நிலையில் அவ்விடை நமக்கு எதனைக் கற்பிக்கிறது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாதமுனிகள் செய்தருளியவை

வீரநாராயணபுரத்தில், இக்காலத்துக் காட்டுமன்னார்கோயிலில், மன்னனாரைச் சேவிக்க வந்த யாத்திரிகர் சிலர் திருக்குடந்தை ஆராவமுதன் விஷயமான திருவாய்மொழிப் பதிகத்தைப் பாடினர். அதன் நிகமனப் பாசுரம் அப்பத்து ஓராயிரத்துள் அடங்கியது என்று குறிப்பதைக் கேட்ட நாதமுனிகள், எஞ்சியவை எங்கே என்று வினவினார். வந்தவர்க்கு அப்பத்தன்றி வேறொன்றும் தெரியவில்லை. நாதமுனிகள் திருக்குடந்தைக்கும் அங்கிருந்து திருக்குருகூருக்கும் எழுந்தருளினார். அங்கே மதுரகவிகளின் மரபில் வந்த பராங்குசதாசர் கண்ணிநுண்சிறுத்தாம்பை உபதேசிக்க, அதனைப் பன்னீராயிரம் உரு அநுசந்தித்து, நம்மாழ்வாரிடம் நாலாயிரத்தையும் பெற்றார் என்று குருபரம்பரை கூறும்.

இந்நிகழ்ச்சியைப் பக்தியோடு நினைக்கும் நாம், இதிலுள்ள வரலாற்றுச் செய்தியையும் நோக்க வேண்டும். ஆயிரம் பாசுரம் கொண்ட பிரபந்தத்தில் பத்து மட்டுமே மக்கள் வாயில் எஞ்சியிருந்த காலம் ஒன்று இருந்தது. அப்பத்தும் எஞ்சியது, அதனைப் பாடிக்கொண்டு ஊர் ஊராக நடந்த பெயரறியா அடியார்களால். இழப்பு என்பது நம் சம்பிரதாயத்திற்கு அயலான அச்சம் அன்று. அதன் தொடக்கத்திலேயே நேர்ந்து, எம்பெருமான் அருளாலும் ஆசாரியர் முயற்சியாலும் மாற்றப்பட்ட ஒன்று.

பாசுரங்களைப் பெற்றதோடு நாதமுனிகள் நிற்கவில்லை. அவர் மேலும் செய்தருளியவை நான்கு. முதலாவது, தொகுத்ததை முதலாயிரம், பெரிய திருமொழி, இயற்பா, திருவாய்மொழி என வகுத்து, இசைக்குரியதையும் இயலுக்குரியதையும் பிரித்தது. இரண்டாவது, இசைக்குரியவற்றைத் தேவகானத்தில் அமைத்தது. மூன்றாவது, அவ்விசையைத் தம் மருமக்களான மேலையகத்தாழ்வான், கீழையகத்தாழ்வான் என்னும் இருவர்க்கும் நேரே கற்பித்தது. இன்றைய அரையர் குடும்பங்கள் தம் மரபை இவ்விருவரிடமிருந்தே கூறிக்கொள்கின்றன. நான்காவது, அதனைப் பாட ஓர் இடத்தையும் காலத்தையும் உறுதிசெய்தது. திருமங்கையாழ்வார் திருவரங்கத்தில் திருவாய்மொழிக்கென ஏற்படுத்திய மார்கழித் திருநாளை, மற்றை ஆழ்வார்களின் பிரபந்தங்களும் அடங்குமாறு விரித்தவர் நாதமுனிகளே என்பது மரபு.

தேவகானத்தைப் பற்றிய ஐதிஹ்யம் ஒன்று கருதத்தக்கது. சோழன் அவையில் இரு பாடகியர் பாடினர். ஒருத்தி உலகோர் விரும்பும் இசையில் பாட அரசன் மகிழ்ந்து பரிசளித்தான். மற்றொருத்தி தேவகானத்தில் பாட, அதன் அருமை அறியாத அரசன் வாளாவிருந்தான். அவள் வீரநாராயணபுரத்துக்கு வந்து மன்னனார் திருமுன்பே பாடினாள். நாதமுனிகள் அதனை உணர்ந்து உகந்து, பெருமாளின் மாலை பரிவட்டம் முதலிய வரிசைகளை அவளுக்கு அளிக்கச் செய்தார். ஐயுற்ற அரசனுக்கு, பல தாளங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்து ஒவ்வொன்றின் நிறையையும் செவியாலேயே அறிந்து சொல்லித் தம் இசையறிவைப் புலப்படுத்தினார் என்பர். ஒரு மரபு வாழப் பாடுவோர் மட்டும் போதாது, கேட்டறிவோரும் வேண்டும் என்பதை இவ்வைதிஹ்யம் தெளிவாக்குகிறது. அரசன் கைவிட்ட பாடகியைக் கோயில் ஏற்றது. ஏற்குமாறு செய்தது ஓர் ஆசாரியரின் செவி.

நெல்லும் பாட்டும்

பாடுவோர்க்கு வாழ்வாதாரம் அமையாமல் எவ்விசையும் நிலைபெறாது. இவ்வுண்மையைச் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் நேரே காட்டுகின்றன. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, பெருங்கல்விச்சாலையை வைத்து நடத்துவதோடு திருவாய்மொழி விண்ணப்பஞ்செய்வார்க்கும் நிவந்தம் வகுத்தது. முதலாம் குலோத்துங்கன் காலத்துத் திருவரங்கக் கல்வெட்டொன்று, குலசேகராழ்வாரின் தேட்டருந்திறல் பதிகத்தைத் திருநாளில் பாடுவதற்கு ஏற்பாடு செய்தமையைக் குறிக்கிறது. எந்தப் பதிகத்தை எந்நாளில் யார் பாடுவது, அதற்கு எவ்வளவு அளப்பது என்பது கல்லில் வெட்டத்தக்க பொருளாக மதிக்கப்பட்டது.

இவ்வகை ஏற்பாட்டின் நுட்பத்தை அறியத் தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டு பெரிதும் உதவும். அது சைவக் கோயிலாயினும் திருப்பதியம் பாடுவோரைப் பற்றி அது வகுக்கும் விதி நமக்கும் பயன்படுவது. பிடாரர் நாற்பத்தெண்மரும் உடுக்கை வாசிப்பான் ஒருவனும் கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனுமாக ஐம்பதின்மர். ஒருவர்க்கு நாளொன்றுக்கு நெல் முக்குறுணி. இறந்தவர்க்கும் வேற்றூர் சென்றவர்க்கும் பதிலாக அவரவர்க்கு அடுத்த உரிமையுடையவர் அந்நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். உரிமையுடையவர் தகுதியற்றவராயின், தகுதியுடைய ஒருவரை அமர்த்திப் பாடுவிக்க வேண்டும். உரிமையுடையார் எவரும் இல்லையெனில், எஞ்சிய பிடாரரே தகுதியுடையாரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். குலவுரிமையை மதித்தும், அதனினும் மேலாகப் பாட்டின் தொடர்ச்சியை வைத்தும் அமைந்த விதி இது. பாடும் செயலை அக்கல்வெட்டு விண்ணப்பஞ்செய்தல் என்றே கூறுகிறது. திருவரங்கத்தில் அரையர்களுக்கு விண்ணப்பஞ்செய்வார் என்னும் பெயர் வழங்கியதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

எம்பெருமானார் திருவரங்கத்துக் கோயிற் கைங்கரியங்களைக் கொத்துக் கொத்தாக வகுத்து ஒழுங்குபடுத்தியதைக் கோயிலொழுகு விரிக்கும். எவர் எதற்குரியவர் என்னும் வரையறையால், எந்தக் கைங்கரியமும் ஆளின்றி நின்றுபோகாதவாறு காக்கப்பட்டது. எம்பெருமானாருக்கு அரையர் மரபோடிருந்த தொடர்பு தனிச் சிறப்புடையது. ஆளவந்தாரின் திருக்குமாரரான திருவரங்கப்பெருமாள் அரையர், காஞ்சியில் பேரருளாளன் திருமுன்பே பாடி, அதற்குப் பரிசாக இராமானுசரையே தந்தருள வேண்டிப் பெற்று அரங்கத்துக்கு அழைத்துவந்தார் என்பது குருபரம்பரை. பின்னர் எம்பெருமானார், அதே அரையர்க்கு ஆறு மாத காலம் பால் காய்ச்சியும் மஞ்சட்காப்பு அரைத்தும் பணிவிடை செய்து அவரிடம் மறைபொருளைக் கற்றார். சம்பிரதாயத்தின் நடுநாயகத்தை நமக்குப் பெற்றுத் தந்தது ஒரு பாட்டு. அவருக்கு ஐவர் ஆசாரியருள் ஒருவராக நின்றவர் ஒரு பாடகர்.

உரை பிறந்த இடம்

இவ்விதழின் வாசகர்கள் வியாக்கியானங்களில் தோய்ந்தவர்கள். ஆதலின் அரையர் சேவை தேய்வதால் வியாக்கியான மரபுக்கு நேரும் குறையை அவர்களே முதலில் உணர்வர். பெரியாழ்வார் திருமொழியில் கண்ணன் அப்பூச்சி காட்டும் பதிகத்தைப் பற்றிய ஐதிஹ்யம் நன்கறியப்பட்டது. அரையர் அப்பதிகத்தை அபிநயிக்கையில், சிறுபிள்ளைகள் மற்றப் பிள்ளைகளை அச்சுறுத்தும் வழக்கப்படி கண்ணிமையை மடித்துக் காட்டினார். எம்பெருமானார்க்குப் பின்னே நின்ற எம்பார், தம் திருக்கைகளைத் தோள்களின் மேல் உயர்த்திச் சங்கும் சக்கரமும் ஏந்திய நிலையைக் காட்டினார். ஆய்ச்சியர்க்குத் தன் நாற்றோளைக் காட்டுவதே கண்ணன் காட்டும் அப்பூச்சி என்பது அதன் கருத்து. அதை உணர்ந்த அரையர் மறுமுறை அவ்வாறே அபிநயித்தார். எம்பெருமானார் இக்கருத்து எவரிடமிருந்து வந்தது என்று அக்கணமே உணர்ந்தார்.

இங்கு ஒரு பாசுரத்தின் பொருள் ஏட்டிலன்றிச் சேவையின் நடுவே, பாடுவோனுக்கும் கேட்போனுக்கும் இடையே பிறந்தது. அரையர் ஒரு பொருள் காட்டினார்; கோஷ்டியிலிருந்து வேறொன்று எழுந்தது; அரையர் அதனை ஏற்றார்; உரைமரபு அதனைப் பொதிந்து வைத்தது. ஈடு முதலான வியாக்கியானங்களில் அரையர்கள் பாடிய முறையையும் அதுகேட்டு ஆசாரியர்கள் அருளிய வார்த்தைகளையும் காண்பவர்க்கு, இது ஒருமுறை மட்டும் நிகழ்ந்ததன்று என்பது விளங்கும். பராசரபட்டர் மேல்நாட்டில் வேதாந்தியை, பின்னாளில் நஞ்சீயரானவரை, வாதில் வென்றது திருநெடுந்தாண்டகத்தின் பொருள் கொண்டு. அவர் மீண்டுவந்து அதனை நம்பெருமாளிடம் விண்ணப்பிக்க, அத்யயன உத்ஸவம் திருநெடுந்தாண்டகத்தோடு தொடங்கும் வழக்கம் ஏற்பட்டது என்பர். உரையில் வென்ற வெற்றி பாட்டின் முறையில் இடம்பெற்றது. பாட்டும் உரையும் இவ்வாறு ஒன்றையொன்று வளர்த்தன.

அத்திருநெடுந்தாண்டகத்தை ஒட்டியமைந்த முத்துக்குறியில், அரையர் ஒருவரே மகளாகவும் தாயாகவும் குறிசொல்லும் கட்டுவிச்சியாகவும் நின்று காட்டுகிறார். நாயகி பாவத்தில் மூவர் பேச்சாக நாம் ஏட்டில் பகுத்தறிவது, அங்கே ஒரே குரலின் மூன்று நிலைகளாகக் கண்முன் நிற்கிறது. அதனைக் கண்டவர் அவ்வுரையைப் படிக்கும் முறையே வேறு.

அறுந்தவையும் எஞ்சியவையும்

மரபு தடையின்றி ஓடிவந்தது என்று எண்ணுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. 1323இல் தில்லிப் படையெடுப்பால் திருவரங்கம் அழிவுற, நம்பெருமாள் ஊர் ஊராக எழுந்தருளி, 1371இல் கோபணாரியர் முயற்சியால் மீண்டும் ஆஸ்தானம் சேர்ந்தார். ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகள். அஃதாவது இரண்டு தலைமுறை. அவ்வளவு காலம் கோயிலிலிருந்து விலகியிருந்தும் பாசுரமும் உரையும் தப்பியமைக்குக் காரணம், அவை கட்டடத்தில் அன்றி மனிதரின் நெஞ்சில் வைக்கப்பட்டிருந்தமையே. ஆயினும் இசையில் இழப்பு நேர்ந்தது என்பதை மறைக்க இயலாது. பாசுரங்களுக்குரிய பண்ணும் தாளமும் ஏடுகளில் குறிக்கப்பட்டுள்ளன. அப்பெயர்களுக்குரிய ஒலிவடிவம் பெரும்பாலும் மறைந்தது. இன்று அரையர் சேவையில் எஞ்சியிருப்பது பழைய தேவகானத்தின் முழுவடிவம் என்று எவரும் கூறார். எஞ்சியது ஒரு பகுதியே என்பதால் அதன் அருமை கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

அண்மைக் காலத்தில் தளர்வு வேறு வழிகளில் வந்தது. கைங்கரியத்துக்கென விடப்பட்ட மானிய நிலங்களின் முறை, 1963ஆம் ஆண்டின் இனாம் ஒழிப்புச் சட்டங்களால் மாறியது. நெல்லாக அளந்த காலத்தில் விலை ஏறினும் இறங்கினும் உண்ணும் அளவு மாறாதிருந்தது. பணமாக வரையறுத்த ஊதியமோ ஆண்டுக்கு ஆண்டு மதிப்புக் குறைந்தது. கல்வியும் தொழிலும் தேடி இளைஞர்கள் நகரங்களுக்குச் சென்றனர். அவர்களைக் குறைகூறுதல் முறையன்று. இருபது ஆண்டு பயின்று, ஆண்டில் சில வாரங்களே நிகழ்த்தும் ஒரு கைங்கரியத்தைக் கொண்டு குடும்பம் நடத்த வழி வகுக்காதது சமூகத்தின் பொறுப்பே.

இதே காலத்தில் பாசுரங்கள் கச்சேரி மேடையில் புதுவாழ்வு பெற்றன. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் திருப்பாவை முப்பதுக்கும் இராகம் அமைத்துப் பாடி, அவை தமிழகமெங்கும் பரவின. இதனை நாம் நன்றியோடு ஏற்க வேண்டும். எனினும் இது அரையர் மரபின் தொடர்ச்சி அன்று, புதிய அமைப்பு. ஒன்று வளர்ந்ததைக் காட்டி மற்றொன்று பிழைத்தது என்று மனநிறைவு கொள்வது பிழையாகும்.

கைசிகம் தரும் பாடம்

திருக்குறுங்குடிக் கைசிக நாடகம் இவ்விடத்தில் ஆராயத்தக்கது. பாணர் குலத்தில் பிறந்த நம்பாடுவான், கார்த்திகை மாதத்துச் சுக்கிலபட்ச ஏகாதசி இரவில் நம்பியைப் பாடச் செல்லும்போது பிரமராட்சசன் பிடிக்கிறான். பாடி மீள்வேன் என்று சபதங்கள் உரைத்துச் சென்ற நம்பாடுவான், சொன்னபடியே திரும்பி வருகிறான். வியப்புற்ற இராட்சசன் அவன் பாடிய பாட்டின் பயனை வேண்டுகிறான். கைசிகப் பண்ணில் பாடியதன் பயனைப் பெற்று, வேள்வியில் வழுவியதால் அப்பிறவி எய்திய அந்த அந்தணன் சாபம் நீங்குகிறான். வராக புராணத்துள் அமைந்த இவ்வரலாற்றுக்குப் பட்டர் வியாக்கியானம் அருளியுள்ளார். கைசிக ஏகாதசியன்று திவ்யதேசங்களில் அது வாசிக்கப்படுகிறது. வேள்வி தவறிய அந்தணனைப் பாணனின் பண் உய்விக்கிறது என்னும் பொருளை நம் ஆசாரியர்கள் மறைக்கவில்லை. ஆண்டுதோறும் பெருமாள் திருமுன்பே வாசிக்குமாறு வைத்தனர்.

திருக்குறுங்குடியில் இது நாடகமாகவும் நிகழ்ந்துவந்தது. கோயிலைச் சார்ந்த ஆடல்பாடல் மகளிர் அதனைப் பேணினர். 1947ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்தது. அவ்வழக்கில் கலந்திருந்த கொடுமை நீங்கியது நன்றே. ஆனால் அம்மகளிர் நெஞ்சில் வைத்திருந்த கலையைப் பெற்றுக்கொள்ள மாற்று ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை. நாடகம் நலிந்தது. 1999இல் அனிதா ரத்னம் நிறுவிய அரங்கம் அறக்கட்டளையும் நாடகப் பேராசிரியர் சே. இராமானுஜமும் எஞ்சியவற்றைத் திரட்டி அதனை மீட்டமைத்தனர். அன்று முதல் கைசிக ஏகாதசி இரவில் நம்பி திருமுன்பே அது மீண்டும் நிகழ்கிறது.

இம்மீட்பில் குறிப்பிடத்தக்கவை இரண்டு. ஒன்று, நாடகத்தை நகர அரங்குக்குக் கொண்டுசெல்வதோடு நில்லாமல், அதற்குரிய இரவில் அதற்குரிய மண்டபத்திலேயே அதனை நிலைநிறுத்தியது. மற்றொன்று, அறுந்துபோன இடங்களைப் புதிதாக இட்டு நிரப்ப வேண்டியிருந்தது. முற்றும் அறுவதற்கு முன்பே கற்றிருந்தால் இட்டு நிரப்பும் தேவை குறைந்திருக்கும். காலந்தாழ்த்தலின் விலை அதுவே.

பயன்பாட்டு இன இசையியல் கண்டது

மேலைநாட்டில் இசையாராய்ச்சி நெடுங்காலம் பதிவுசெய்து பாதுகாப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தது. பாடகர் இறந்தபின் பாட்டு நாடாவில் இருக்கும் என்பதே அதன் ஆறுதல். 1972இல் ஆலன் லோமாக்ஸ், ஒவ்வொரு சமூகத்தின் கலைக்கும் ஒலிக்கச் சமவுரிமை வேண்டும் என்று முறையிட்டார். பின்னர் ஜெஃப் டாட் டைட்டன் முதலானோர், ஆராய்ச்சியாளர் தாம் பெற்ற அறிவைக் கொண்டு அச்சமூகத்தோடு சேர்ந்து உழைப்பதையும் துறையின் கடமையாக்கினர். 2016இல் ஹூய்ப் ஷிப்பர்ஸும் கேத்தரின் கிராண்டும் பதிப்பித்த நூல், உலகின் ஒன்பது இசைமரபுகளை ஆராய்ந்து, ஒரு மரபின் வாழ்வு ஐந்து கூறுகளைச் சார்ந்தது என்று காட்டியது: கற்பிக்கும் முறை, கலைஞரும் அவர்தம் சமூகமும், நிகழும் சூழலும் அதைப் பற்றிய மதிப்பும், இடமும் சட்டமும் பொருளுதவியும், ஊடகமும் வணிகமும்.

இவற்றுள் முதல் நான்கும் நாதமுனிகள் தொடங்கிக் கோயில் நிர்வாகம் வரை நாம் மேலே கண்டவையே. மருமக்களுக்குக் கற்பித்தது முதற்கூறு. கேட்டறியும் கோஷ்டி இரண்டாவது. அத்யயன உத்ஸவம் மூன்றாவது. கல்லில் வெட்டிய நிவந்தம் நான்காவது. முன்னோர் அறிந்தனர் என்று பெருமிதம் கொள்வதற்காக அடியேன் இதனைக் கூறவில்லை. அவர்கள் அறிந்து செய்ததை நாம் செய்யவில்லை என்பதை உணர்வதற்காகவே கூறினேன்.

பிற வைணவ மரபுகளின் நிலையும் ஒப்புநோக்கத்தக்கது. அசாமில் சங்கரதேவர் தோற்றுவித்த சத்திரங்களில் துறவியர் பேணிய ஆடல், 2000இல் சங்கீத நாடக அகாதெமியால் செவ்வியல் ஆடலாக ஏற்கப்பட்டது. அதன்பின் அது மேடைதோறும் பரவி, பெண்களும் பெருமளவில் பயில்கின்றனர். மணிப்பூரின் சங்கீர்த்தனம் 2013இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றது. திருமணம், காதுகுத்து, நீத்தார் சடங்கு என வாழ்வின் ஒவ்வொரு நிலையிலும் அது அங்கே இடம்பெறுவதால், பட்டியல் இல்லாவிடினும் அது வாழும். இவ்விரண்டிலிருந்தும் விளங்குவது: அரசின் ஏற்பு புகழைத் தரும், அன்றாட வாழ்வில் உள்ள இடமே ஆயுளைத் தரும்.

திறப்பதும் காப்பதும்

இனி, இக்காலத்தில் நம்மவரிடையே கருத்து வேறுபாடு உள்ள ஒரு வினாவைத் தொடாமல் விட இயலாது. அரையர் குடும்பங்கள் தம்பிரான்படியைத் தம் மரபுச் செல்வமாகக் காக்கின்றன. அதனைப் பதிவுசெய்யலாமா? குடும்பத்திற்கு வெளியே உள்ளோர் கற்கலாமா? ஒரு சாரார், மரபின் தூய்மை வரையறையில் உள்ளது என்பர். மற்றொரு சாரார், வரையறையே மரபை மாய்க்கும் என்பர்.

நம் சம்பிரதாயத்திலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. நம்பிள்ளை காலட்சேபமாக அருளிய திருவாய்மொழிப் பொருளை வடக்குத் திருவீதிப்பிள்ளை பட்டோலை செய்தார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரம். நம்பிள்ளை அதனை உடனே வெளியிடாமல் தம்மிடம் பெற்று, ஈயுண்ணி மாதவப்பெருமாளிடம் அளித்தார். அது ஓராண்வழியாக வந்து, திருவாய்மொழிப்பிள்ளை வழியே மணவாளமாமுனிகளை அடைந்தது. அவரோ நம்பெருமாள் நியமனத்தால் திருவரங்கத்தில் ஓராண்டு காலம் அனைவரும் கேட்க அதனையே காலட்சேபம் செய்தருளினார். காத்தவரும் பிழை செய்யவில்லை. திறந்தவரும் பிழை செய்யவில்லை. காத்தது கற்றுத் தேர்ந்தவர் கையில் இருக்கும்பொருட்டு; திறந்தது கற்பார் உள்ள காலத்தில் அது பரவும்பொருட்டு. ஆனால் திறந்தவர் அதனை முறையாகப் பெற்றவரே என்பது மறக்கத்தகாதது.

இம்முன்னுதாரணத்தை அரையர் சேவைக்குப் பொருத்தினால் சில நெறிகள் தெளிவாகும். பதிவு செய்வதாயின் அது அக்குடும்பங்களின் இசைவோடும், அவர்களது உடைமையாகவும், கற்போர்க்குத் துணையாகவும் அமைய வேண்டும். வேடிக்கைப் பொருளாகக் கூடாது. குடும்பத்தில் கற்கும் இளைஞர் இருப்பின் அவர் பயிலும் ஆண்டுகள் முழுவதும் அவர்க்கு வாழ்வாதாரம் வகுப்பது அடியார்களின் கடமை. அத்தகையோர் இல்லாத இடத்தில், தஞ்சைக் கல்வெட்டு வகுத்தது போல, உரிமையுடையவரே தகுதியுடையவரைத் தேர்ந்து கற்பிப்பது மரபுக்கு மாறானதன்று. மேலும், சேவையின் நேரத்தைச் சுருக்காமல் காப்பது கோயிலார் பொறுப்பு.

இத்துறையில் காலஞ்சென்ற ஸ்ரீராம பாரதி செய்த பணி நினைவுகூரத்தக்கது. அவர் அரையர் மரபைக் கற்று, 1999இல் அதனைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு நாலாயிரம் முழுவதையும் தமிழ் மூலத்தோடு ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். பாடசாலை அமைத்துப் பிறர்க்கும் கற்பித்தார். ஆராய்ச்சியாளரே மாணவராகவும் பின்னர் ஆசிரியராகவும் ஆனதே இங்கு நோக்கத்தக்கது. இக்காலத்துத் துறை வேண்டும் உழைப்பும் அதுவே.

எல்லாவற்றினும் எளிதாக நாம் ஒவ்வொருவரும் செய்யத்தக்க கைங்கரியம் ஒன்று உண்டு. அது கேட்பது. வியாக்கியானம் கற்றவர்கள் பகல்பத்திலும் இராப்பத்திலும் ஒரு நாளேனும் அரையர் முன்பு அமர்ந்து, பாசுரம் பாடி முடியுமளவும், தம்பிரான்படி சொல்லி முடியுமளவும் இருப்பதே அது. சோழன் அவையில் மதிக்கப்படாத பாட்டை வீரநாராயணபுரத்தில் ஒருவர் கேட்டார். அதனால் அது பிழைத்தது. எம்பெருமானார் கோஷ்டியில் ஒருவர் கேட்டு நின்றார். அதனால் ஒரு பாசுரத்தின் பொருள் விளங்கிற்று. பாடுவார் இன்னும் இருக்கிறார்கள். கேட்பாரும் அவ்வாறே இருப்பின், நாதமுனிகள் நடந்த வழி நம் காலத்திலும் அறாது.